முஸ்பிறா குடிபெயர்த்த பக்கங்கள்

மருதமுனைப் பிரதான வீதியில் முஸ்பிறா நடத்திய கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. "முஸ்பிறாட கொமினிகேஷன்" என்றால்தான் ஓட்டோக்காரனுக்கும் விளங்கும். வெளிநாட்டுக்கு டெலிபோன் கதைக்க, அடையாள அட்டையைப் போட்டோக்கொப்பி அடிக்க, பரீட்சை முடிவு பார்க்க, கட்டாரில் இருக்கும் புருஷனின் முகத்தைக் கம்பியூட்டரில் பார்த்துக் கண்கலங்க, எல்லாவற்றுக்கும் சனம் அங்கேதான் வந்தது.

2009ஆம் ஆண்டு பிறந்த கையோடு, ஒரு மத்தியான நேரம், டோஹாவிலிருந்து அபூசாலி என்ற உறவுக்காரர் டெலிபோன் எடுத்தார்.

"புள்ள, எங்கிட பக்கத்தத் தொறந்தா மேல செவப்பில என்னமோ இங்கிலீசில எழுதிக் கிடக்கு. என்னண்டு பாரு."

முஸ்பிறா பார்த்தாள். இணையத்தளங்களை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம் அந்தச் சேர்வரை மாத முடிவோடு மூடிவிடப் போகிறதாம். தளத்துக்குச் சொந்தக்காரர்கள் தங்கள் சாமான்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பல தடவை ஈமெயிலில் அறிவித்தாயிற்று என்றும் எழுதியிருந்தது. அந்த ஈமெயில்கள் போனது அவளுக்கு அல்ல, தளத்தைச் செய்து கொடுத்த நிரோசனுக்கு. நிரோசன் எங்கே இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே ஈமெயில் போய்ச் சேராது.

அந்தப் பக்கங்கள் என்னவென்று சொல்ல வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்னர் சுனாமியாகக் கடல் வந்துபோனதில் கரையோர வீடுகளின் சுவர்கள் விழுந்தன. சுவரில் தொங்கிய படங்களும் அவற்றோடு போயின. அலுமாரிக்குள் இருந்த கலியாண அல்பங்கள் உப்புத்தண்ணீரில் ஊறி, முகங்கள் எல்லாம் நிறம் நிறமாகக் கரைந்துவிட்டன. முஸ்பிறாவின் தங்கை ஹாஜறாவையும் கடல் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்து அகதி முகாமில் ஒருநாள் துணி அலசிக்கொண்டிருந்தபோது, ஹாஜறாவின் கன்னத்து மச்சம் வலப்பக்கமா இடப்பக்கமா என்ற யோசனை முஸ்பிறாவுக்கு வந்தது. நினைவுக்கு வரவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு படமும் இல்லை. ஈரத்துணியோடு அப்படியே குந்திவிட்டாள்.

அந்த முகாமில் ஒரு நிவாரண நிறுவனத்துக்காகக் கம்பியூட்டரில் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தவன்தான் நிரோசன். பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணையைச் சேர்ந்தவன். அவளுடைய கதையைக் கேட்டுவிட்டு, "வெளிநாட்டில இருக்கிற உங்கட ஆக்களிட்ட ஏதும் படம் இருக்குமே ராத்தா? கேட்டுப் பாருங்க" என்றான். கேட்டாள். அபூசாலி தன் கலியாணப் படமொன்றை அனுப்பினார். அதன் ஓரத்தில், சர்பத் கிளாஸ்கள் அடுக்கிய தட்டத்தோடு ஹாஜறா நின்றாள். மச்சம் இடப்பக்கம். நிரோசன் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, அதற்கென ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தான்.

அதைப் பார்த்துப் பக்கத்துக் கூடாரத்துக்காரி வந்தாள். பிறகு சாய்ந்தமருதிலிருந்து வந்தார்கள், பாண்டிருப்பிலிருந்து வந்தார்கள். கட்டார், சவூதி, கனடா, சுவிஸ் என்று எங்கெங்கோ இருந்த உறவுக்காரர்கள் படங்களை அனுப்பினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனிப்பக்கம், ஒவ்வொருவருக்கும் ஒரு படம், படத்தின் கீழே பெயர். பெருநாளுக்கும் பிறந்தநாளுக்கும் ஆட்கள் வந்து அதில் நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். முஸ்பிறா அந்த வேலையை நிரோசனிடமே பழகினாள். முகாம் கலைந்து, கடை போட்டு, ஸப்ரியைக் கலியாணம் முடித்த பிறகும் விடவில்லை.

முன்னைய வருடம் நிரோசனை அவனுடைய நிறுவனம் கிளிநொச்சிக்கு அனுப்பியிருந்தது. சண்டை இறுகியதும் உள்ளே போனவர்கள் வெளியே வர முடியவில்லை. படங்களையும் பக்க அமைப்பையும் ஏற்றி இறக்குவதற்கான கடவுச்சொல் மட்டும்தான் முஸ்பிறாவிடம் இருந்தது. பெயர்களும் எழுதிய செய்திகளும் சேர்வருக்குள்ளேயே வேறொரு அறையில் இருந்தன. அதன் திறப்பான கடவுச்சொல் நிரோசனிடம். தளத்தின் முகவரியும் அவன் பெயரில். கடையில் இருந்த பழைய கம்பியூட்டரோ ஒரு மழைக்காலத்து இடியில் கருகிவிட்டது. ஆகவே, அந்த முகங்கள் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் சேர்ந்து இருந்தன. அந்த இடத்தைத்தான் மூடப் போகிறார்கள்.

முஸ்பிறா பெரியநீலாவணைக்குப் போய் நிரோசனின் தாய் செல்லத்தங்கத்தைச் சந்தித்தாள். சுனாமி வீட்டுத்திட்டத்தில் அவருக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது.

"அவன் கொழும்பிலதான் நிக்கான், ஒரு கொம்பனியில" என்றார் செல்லத்தங்கம், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி. பிறகு கேற்றடிக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார். "கடைசியாக் கதைச்சது ஐப்பசியில, மகள். பங்கருக்குள்ள இரிக்கன் எண்டான். அதுக்குப் புறகு ஒண்டுமில்ல. பெடியன் வன்னியில எண்டு இஞ்ச ஆருக்கும் தெரியக்கூடா. தெரிஞ்சா ஆமி, பொலிஸ் எண்டு வந்து நிண்டிருவானுகள்."

திறப்பு கிடைக்காது என்று விளங்கிவிட்டது.

கொழும்பில் படித்த ஒரு சினேகிதி மூலம் முஸ்பிறா வேறொரு சேர்வரில் இடம் எடுத்தாள். பழைய முகவரி போனால் போகட்டும் என்று புதிய முகவரி ஒன்றையும் பதிந்தாள். படங்களை இறக்குவது பெரிய பாடாக இருந்தது. டெலிபோன் வயரில் வரும் இன்டர்நெட் அறுந்து அறுந்து வரும். பாதிப் படம் இறங்கும்போது கரண்ட் போகும். போனால் அந்தப் படத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எல்லாம் இலக்கங்களாக வந்தன, பெயர்களாக அல்ல.

பெயர்களை எடுக்க ஒரு வழிதான் இருந்தது. சாதாரண ஆட்கள் பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, படத்தையும் பெயரையும் ஒப்பிட்டு, கையால் பிரதி எடுத்துப் புதிய இடத்தில் பதிய வேண்டும். ஸப்ரி கடையின் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டான். முஸ்பிறா கதிரையை விட்டு எழும்பவில்லை.

முதலில் ஹாஜறாவின் பக்கத்தை எடுத்தாள். பிறகு தன் ஒழுங்கையில் இருந்தவர்கள். பிறகு மருதமுனை முழுவதும், அப்புறம் கல்முனைக்குடி, சாய்ந்தமருது. பாண்டிருப்பும் முடிந்தது. பெரியநீலாவணை கடைசியில் நின்றது. அப்படிச் செய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கை அந்த வரிசையில்தான் போனது.

மூடுவதாகச் சொன்ன நாளுக்கு முதல் நாள் காலை, அடுத்த பக்கத்தைத் திறக்க அழுத்தினாள். வெள்ளையாக வந்தது. மீண்டும் அழுத்தினாள். வெள்ளை. இன்னொரு பக்கம், இன்னொன்று. எல்லாம் வெள்ளை.

"லைன் போயிட்டா?" என்று கேட்டான் ஸப்ரி.

"லைன் இரிக்கி. அவங்க சொன்ன நாளைக்கி முன்னுக்கே மூடிட்டாங்க."

நிறுவனத்துக்கு எழுதினாள். பதில் வரவில்லை. பெரியநீலாவணைப் படங்கள் அவளிடம் இருந்தன. பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பையன், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர், ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒருவருக்கும் பெயர் இல்லை. வேறு வழியின்றி இலக்கங்களோடேயே புதிய தளத்தில் ஏற்றி, புதிய முகவரியை உறவுக்காரர்களுக்கு அனுப்பினாள்.

சில நாட்களில் கனடாவிலிருந்து ஒருவர் கடைக்கு அழைத்தார். கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "தங்கச்சி, எங்கட அம்மாட பேர் இருந்த இடத்தில ஒரு நம்பர் கிடக்கு. கைதியளுக்குப் போடுற மாதிரி. அத ஒருக்கா மாத்த ஏலாதா?" என்றார். அந்த ஒரு பெயரை அவரே சொன்னார். மற்றவர்களை அவருக்குத் தெரியாது.

முஸ்பிறா பெயரில்லாத படங்களைத் தாள்களில் அச்சடித்தாள். ஸப்ரிக்கு முகம் கறுத்தது.

"கொஞ்ச நாள் போகட்டும். இந்த நேரத்தில தமிழ் ஊருக்குள்ள படத்தக் கொண்டு போய் இது ஆரு, அது ஆரு எண்டு கேட்டா ஒன்ன என்னண்டு நினைப்பாங்க? தலையாட்டி எண்டுதான் நினைப்பாங்க."

அவன் சொன்னதில் பிழையில்லை. முகத்தை மூடிக்கொண்டு வந்து ஆட்களைப் பார்த்துத் தலையாட்டிக் காட்டிக்கொடுத்தவர்களால் பிள்ளைகளை இழந்த வீடுகள் அந்தக் கரை முழுவதும் இருந்தன. முஸ்பிறாவுக்கும் பயம் இல்லாமல் இல்லை. "அங்கால போய்க் கேக்காம இஞ்ச இருந்து எப்பிடி எழுதுற?" என்று மட்டும் சொல்லிவிட்டு, தாள்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தாள்.

வீட்டுத்திட்டத்தில் முதல் வீட்டுப் பெண் ஒரு தாளைப் பார்த்ததும் "எனக்கு ஒண்டும் தெரியா" என்று உள்ளே போனாள். இரண்டாவது வீட்டில் கதவு பாதியில் சாத்தப்பட்டது. வீதியில் நின்ற பிள்ளைகளைத் தாய்மார் பெயர் சொல்லாமல் கைகாட்டி உள்ளே அழைத்தார்கள். முஸ்பிறா வெயிலில் தனியாக நின்றாள்.

செல்லத்தங்கம் வெளியே வந்தார்.

"என்னத்துக்குகா இந்தப் படங்கள்?"

முஸ்பிறா நடந்ததைச் சொன்னாள். செல்லத்தங்கம் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் எங்கட ஊராக்களா இரிக்கே. உங்கட ஆக்கள்ர பேர் போகல்லயா?"

"போகல்ல அம்மா."

"அதெப்பிடி?"

பொய் சொல்லியிருக்கலாம். சேர்வரின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். கம்பியூட்டர் விசயம் அங்கே யாருக்கும் தெரியாது.

"நான் எங்கிட ஆக்கள்ர பக்கத்தத்தான் முதல்ல எடுத்தன். உங்கடத கடைசியா வச்சிட்டன். அதுக்குள்ள மூடிட்டாங்க."

செல்லத்தங்கம் அவளைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் குந்தி, முதல் தாளை மடியில் விரித்தார்.

"இது வேலப்போடிட மூத்த மகள், யோகம்மா. எழுது. இவர் சங்கக்கடையில நிண்டவர். பேர் என்ன... ஏய் பரமேசு, இஞ்ச வாகா, சங்கக்கடையாரிட பேர் என்ன?"

பரமேசு என்ற பெண் வந்தாள். அவள் பின்னால் இன்னும் இருவர். கதவைச் சாத்தியவளும் வந்து தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். ஒருத்தி தன் மாமியாரின் படத்தைப் பார்த்துச் சிரித்தாள், "கிழவி பவுடர் பூசி நிண்டிரிக்கு" என்று. சிரித்த வாய் மூடும் முன்னமே அழுதாள். இரட்டைப் பிள்ளைகளில் யார் யதுசா, யார் தர்சினி என்று வாக்குவாதம் வந்தது. தகப்பன் குணம் சுவிஸில். தாய் பிள்ளைகளோடு சேர்ந்தே போய்விட்டாள். கடைசியில் பரமேசு சொன்னபடி முஸ்பிறா எழுதினாள். ஒவ்வொரு முகத்தின் கீழும் முஸ்பிறா பேனையால் பெயரை எழுதிக்கொண்டே போனாள். ஒரேயொரு படத்தை மட்டும் யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில், ஊர் எல்லையில் இருந்த சோதனைச்சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள்.

காலையில் போகும்போது பையைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது திறந்தார்கள். முகங்கள், முகங்களின் கீழே புதிய மையில் பெயர்கள். சென்ட்ரியில் நின்றவன் தாள்களைத் தன் அதிகாரியிடம் கொண்டுபோனான். அதிகாரி அவளை நிழலுக்குக் கூப்பிட்டார். கொஞ்சம் தமிழ் கதைத்தார்.

"இது யார் ஆக்கள்?"

"சுனாமியில மௌத்தாப் போன ஆக்கள், சேர்."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

கட்டம் போட்ட சட்டையோடு நின்ற ஒரு இளைஞனின் படத்தில் அவருடைய விரல் நின்றது. "இவன்? இயக்கமா?"

"கடலுக்குப் போற பெடியன் சேர். அண்டைக்குக் காலைல வலை இழுத்துக்கொண்டு நிண்டவராம்."

"நீங்க முஸ்லிம். இது தமிழ் ஆக்கள். பேர் எழுதிக் குடுக்கச் சொன்னது யாரு?"

"ஆரும் சொல்லல்ல. வெப்சைட்டில போடுறதுக்கு. என்ட கடையில நான்தான் செய்றன்."

"தனியா?"

ஓட்டோக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தனியத்தான் சேர்."

அவர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாள்களையும் வைத்துக்கொண்டார். "கடைக்குப் போங்க. நாங்க வாறோம். கம்பியூட்டர்ல காட்டணும்."

ஓட்டோ நகர்ந்த பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: "உருவாக்கம்: நிரோசன், பெரியநீலாவணை." அவன் செய்த அமைப்பை அப்படியே புதிய சேர்வருக்குக் கொண்டு வந்திருந்தாள். அந்த வரியும் கூடவே வந்திருந்தது. தனியாகச் செய்தேன் என்று சொல்லியாயிற்று. இனி அந்தப் பெயரை வாசித்தால், அவன் எங்கே என்பார்கள். கொழும்பில் என்றால் எந்த விலாசம் என்பார்கள். அங்கிருந்து செல்லத்தங்கத்தின் வாசலுக்கு எவ்வளவு தூரம்?

கடைக்குள் ஓடிவந்து கம்பியூட்டரின் முன்னால் இருந்தாள். "ஸப்ரி, அவங்க வாறாங்க. வாசல்ல நில்லுங்க" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. டெலிபோன் கதைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை அன்பாகச் சொல்லி வெளியே அனுப்பினான்.

எல்லாப் பக்கங்களின் அடிப்பகுதியும் ஒரே கோப்பில்தான் இருந்தது. அதைத் திறந்தாள். நிரோசனின் பெயரை அழிக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. ஹாஜறாவின் முகத்தை அந்தக் கலியாணக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்துத் தந்தவன் அவன். அழித்தாள். சேர்வருக்கு அனுப்ப அழுத்தினாள். லைன் அறுந்தது.

மீண்டும் இணைத்தாள். மோடம் கீச்சிட்டு, கரகரத்து, நீண்டு இழுத்தது. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வாங்க சேர், வாங்க. கதிர இரிக்கி, இருங்க. குளிரா ஒரு சோடா குடிக்கிறீங்களா? வெயில் பெரிய வெயில்..." ஸப்ரி வாழ்நாளில் அவ்வளவு கதைத்ததில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று கதைத்தான். சோடா போத்தலைத் திறக்கத் திறப்பானைத் தேடினான். முஸ்பிறா திரையைப் பார்த்தாள். கோப்பு போய்க்கொண்டிருந்தது. போய்விட்டதா, பாதியில் நின்றதா என்று தெரியும் முன்னமே அதிகாரி அவள் பக்கத்தில் வந்து இருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரரும் கூட வந்திருந்தார்.

"திறங்க."

திரையில் இருந்த அந்த ஜன்னலை மூடிவிட்டுத் தளத்தைத் திறந்தாள். பக்கம் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல வந்தது. முதலில் தலைப்பு. பிறகு ஒரு நெற்றி, கண்கள், மூக்கு. பொலிஸ்காரர் வரிக்கு வரி, இலக்கங்களையும் விடாமல், சத்தமாக வாசித்தார். அதிகாரி கையிலிருந்த தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த முகம் இறங்கியது. அதற்கடுத்தது. பக்கத்தின் அடி இன்னும் வரவில்லை. முஸ்பிறா உள்ளுக்குள் ஓதத் தொடங்கினாள். எந்த இடத்தில் ஓதுகிறோம் என்று தெரியாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தாள்.

அடிப்பகுதி வந்தது. வெறுமையாக இருந்தது.

"அவ்வளவுதான் சேர்" என்றார் பொலிஸ்காரர்.

அதிகாரி இன்னும் சில பக்கங்களைத் திறக்கச் சொன்னார். ஹாஜறாவின் பக்கம் வந்தபோது, "இது?" என்றார். "என்ட தங்கச்சி" என்றாள். அவர் எழும்பினார். தாள்களையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்தார். "இனி படம் கொண்டு திரியிறதெண்டா எங்களுக்குச் சொல்லணும்" என்றார். போய்விட்டார்கள். சோடா திறந்தபடியே இருந்தது.

அன்று பின்னேரம் முஸ்பிறாவால் ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்க முடியவில்லை. ஆனாலும் தாள்களில் இருந்த பெயர்களை அன்றைக்கே தளத்தில் ஏற்றிவிட்டாள்.

நிரோசனின் பெயரை அழித்ததைச் செல்லத்தங்கத்திடம் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னாள். செல்லத்தங்கம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"நல்ல வேலை செய்தாய் மகள். செத்த ஆக்கள்ர பேர எழுது. உசிரோட இரிக்கிறவன்ர பேர எழுதாத. இரிக்கிறானெண்டு நான் நினைச்சுக்கொண்டு இரிக்கன்."

மே மாதம் சண்டை முடிந்தது. கல்முனை வீதியில் வெடி கொளுத்தினார்கள். அன்றைக்கு முஸ்பிறா கடையைப் பாதி சாத்திவிட்டு, செல்லத்தங்கம் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டு வந்தாள். ஆவணி மாதம் போல, வவுனியா முகாமிலிருந்து வந்த ஒருவர் நிரோசனைக் கண்டதாகச் சொன்னார். அடுத்த வருடம் அவன் வந்து சேர்ந்தான். பாதி உடம்புதான் வந்தது என்று சொல்ல வேண்டும். இடக்கால் நொண்டியது.

ஒருநாள் கடைக்கு வந்து, தளத்தைக் காட்டச் சொன்னான். மவுசைப் பிடித்துக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனான். அடிக்கு வந்ததும் நின்றான். முஸ்பிறா எல்லாவற்றையும் சொன்னாள்.

"திரும்பப் போட்டிரட்டா?"

"இப்ப வேணாம் ராத்தா" என்றான். "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்." பிறகு, உடைந்து தெரிந்த சில எழுத்துகளை அங்கேயே இருந்து திருத்தினான். எல்லாவற்றையும் இரண்டு சீடீக்களில் ஏற்றி, ஒன்றைக் கடையிலும் மற்றதைத் தன் தாயின் அலுமாரியிலும் வைக்கச் சொன்னான். அவனுடைய பெயர் தளத்தின் அடிக்குத் திரும்பி வர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. அவனே வந்து, தானே எழுதினான்.

அந்தக் கிழமைதான் சுவிஸிலிருந்து குணம் அழைத்தார். இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தைத் திறக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார். இப்போதுதான் பார்த்தாராம்.

"ரெண்டு பிள்ளையளுக்கும் பேர மாத்திப் போட்டிருக்கிறீங்க, தங்கச்சி. இடது பக்கம் நிக்கிறவள் யதுசா. அவளுக்குத்தான் முன்பல்லு விழுந்தது."

"மன்னிச்சுக்கங்க நானா. நில்லுங்க, வைக்காதீங்க."

டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி அனுப்பினாள். "இப்ப பாருங்க."

"அப்பிடியேதான் கிடக்கு."

"இன்னும் ஒருக்காத் தொறங்க."

மறுமுனையில் மவுசை அழுத்தும் சத்தம் கேட்டது.

"ஓம்" என்றார் குணம். "இப்ப சரி." வைப்பார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. இரண்டு பெயரையும் ஒருக்கா வாசித்துக் காட்டச் சொன்னார். முஸ்பிறா வாசித்தாள்.